வெள்ளம் புகுந்த சுரங்கத்தில் மீட்புப் பணி: ஏன் உடனே இறங்குவதில்லை? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று டிவியில் செய்தி ஓடினால், அன்று சாயங்காலமே இங்கே தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் லெனேசியாவிலிருந்தும் சொந்தக்காரர்களும் தமிழ்ச் சங்கத்து ஆட்களும் எனக்குப் போன் செய்வார்கள். நான் நேட்டாலின் வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். மீட்புக் குழுவில் பயிற்சி பெற்றவன். கேள்விகள் பல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தவிப்புதான்: உள்ளே மனிதர்கள் இருக்கும்போது, வெளியே நிற்பவர்கள் ஏன் இறங்காமல் இருக்கிறார்கள்? அந்தத் தவிப்பு நியாயமானது. அதனால்தான் இந்தப் பதில்களை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மழை வெள்ளம் வாசல் வழியாகவே இறங்கலாம். 2022 ஏப்ரல் 16 அன்று புர்கினா ஃபாசோவின் பெர்கோவா துத்தநாகச் சுரங்கத்தில் அப்படித்தான் நடந்தது. மேலே இருக்கும் தேக்கம் உடைந்து கொட்டலாம். ஜெர்மனியின் லெங்கெடே இரும்புச் சுரங்கத்தில் 1963-இல் கழிவுநீர்க் குட்டை உடைந்தது. பாறைக்குள்ளேயே தண்ணீர் தேங்கியிருக்கும் இடங்களும் உண்டு. ஜோகன்னஸ்பர்குக்கு மேற்கே தங்கச் சுரங்கங்களுக்கு மேல் படிந்திருக்கும் டோலமைட் பாறை அந்த வகை.

ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தில் நான் அதிகம் பயப்படுவது பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தைத்தான். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி மதராஸிலிருந்து நம் முன்னோர் இங்கே வந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கென்று வந்தவர்களில் ஒரு பகுதியினர் நேட்டாலின் வடக்கே டண்டி, நியூகாசில் பக்கம் கரி வெட்டப் போனார்கள். காந்தி தலைமையில் நடந்த 1913 வேலைநிறுத்தத்தில் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் முன்னால் நின்றது பலருக்கும் தெரியும். அவர்கள் காலத்துச் சுரங்கங்கள் மூடிப் பல்லாண்டு ஆகிவிட்டது. பம்ப்பை நிறுத்திய சுரங்கம் சும்மா இருக்காது. வருடக் கணக்கில் நிலத்தடி நீர் ஊறி நிரம்பிவிடும். பழைய வரைபடத்தில் அதன் எல்லை தப்பாக இருந்தாலோ, கடைசி வரைபடம் தொலைந்து போயிருந்தாலோ, இந்தப் பக்கம் வெட்டுகிறவர் அந்தச் சுவரை உடைத்துவிடுவார். 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவெக்ரீக் சுரங்கத்தில் ஒன்பது பேர் மாட்டியது இப்படித்தான். பழைய சுரங்கம் இன்னும் தூரத்தில் இருப்பதாக அவர்கள் கையிலிருந்த வரைபடம் காட்டியது.

சரி, தண்ணீர் புகுந்தாயிற்று. உடனே ஆட்களை இறக்காமல் ஏன் காத்திருக்கிறார்கள்?

முதல் சில மணி நேரம் மேலே இருப்பவர்களுக்கு உள்ளே என்ன நிலவரம் என்றே தெரியாது. தண்ணீர் ஏறுகிறதா, நின்றுவிட்டதா? எவ்வளவு தண்ணீர் இன்னும் அந்தப் பக்கம் பாக்கி இருக்கிறது? காற்று எப்படி இருக்கிறது? கூரையைத் தாங்கும் தூண்கள் நிற்கின்றனவா? மின்சாரம் முழுக்கத் துண்டிக்கப்பட்டதா? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் ஐந்து பேரை இறக்கினால், மீட்க வேண்டியவர்கள் பட்டியலில் இன்னும் ஐந்து பேர் சேரலாம்.

நான் மிகைப்படுத்தவில்லை. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டாவில் க்ராண்டல் கேன்யன் சுரங்கம் இடிந்து ஆறு பேர் சிக்கினார்கள். அவர்களைத் தேடிப் போன மூன்று பேர் பத்து நாள் கழித்து நடந்த அடுத்த இடிபாட்டில் இறந்தார்கள். ரஷ்யாவின் லிஸ்த்வியாஷ்னயா நிலக்கரிச் சுரங்கத்தில் 2021 நவம்பரில் இறந்த 51 பேரில் ஐந்து பேர் மீட்புக்குப் போனவர்கள். இரண்டும் வெள்ள விபத்துகள் அல்ல. ஆனால் முதல் விபத்து முடிந்துவிட்டது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற நிலை எல்லா வகைச் சுரங்க விபத்துக்கும் பொது.

இங்கே மீட்புக் குழுவைப் புரோட்டோ டீம் என்பார்கள். எல்லோரும் அதே துறையில் வேலை செய்யும் தன்னார்வலர்கள்தான். காலையில் தன் ஷிஃப்ட் பார்த்த ஆளே ராத்திரி மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு நிற்பார். முதுகில் ஏறும் கருவி சுமார் 15 கிலோ. உள்ளேயே சுற்றும் காற்றைச் சுத்தம் செய்து நான்கு மணி நேரம் தரும். சுவாசிக்கும் காற்று சூடாகிவிடும் என்பதால் அதற்குள் பனிக்கட்டி வைக்கிறார்கள். நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மணி போகலாம், இரண்டு மணி வரலாம் என்று கணக்குப் போடக் கூடாது. திரும்பும்போது ஸ்ட்ரெச்சரில் ஒருவர் இருப்பார், களைப்பும் சேரும். அதனால் போவதற்குச் செலவான ஆக்சிஜனைப் போல இரண்டு பங்கு திரும்புவதற்கு மிச்சம் இருக்க வேண்டும். கேப்டன் அடிக்கடி நின்று ஒவ்வொருவரின் அழுத்தமானியையும் பார்ப்பார். யாருடையது மிகக் குறைவோ, அதை வைத்துத்தான் மொத்தக் குழுவும் திரும்பும்.

இதில் தண்ணீரைச் சேர்த்துப் பாருங்கள். கறுத்த தண்ணீருக்கு அடியில் தரை தெரியாது. மூடி நகர்ந்த குழி இருக்கலாம், தண்டவாளம், அறுந்த கேபிள், கவிழ்ந்த வண்டி இருக்கலாம். முன்னால் போகிறவர் தடியால் தரையைத் தட்டித் தட்டித்தான் அடியெடுத்து வைப்பார். பின்னால் வருகிறவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்திருப்பார்கள். அமெரிக்கப் பயிற்சி விதிகளில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே தாண்டக் கூடாத தடை. ஒரு குழு உள்ளே போனால், அதே பலத்தோடு இன்னொரு குழு நல்ல காற்று இருக்கும் இடத்தில் கருவியோடு தயாராக நிற்க வேண்டும். வாசலில் "இத்தனை பேர் சும்மா நிற்கிறார்களே" என்று நாம் கோபப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டாம் குழுவைப் பார்த்துத்தான்.

தண்ணீர்தானே ஆபத்து? காற்றைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

தண்ணீரைக் கண்ணால் பார்க்கலாம். காற்றைப் பார்க்க முடியாது. இந்த வேலையில் ஆளைச் சத்தமில்லாமல் வீழ்த்துவது அதுதான்.

பல வருடம் தேங்கிய சுரங்கத் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைந்திருக்கும். அது உடைத்துக்கொண்டு பாயும்போது, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வாயு வெளியேறும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, சரியாகிவிட்டது" என்று நினைத்தவர் அடுத்த சில மூச்சில் விழுந்துவிடலாம்.

இன்னொன்று ஆக்சிஜன் இல்லாத காற்று. பழைய சுரங்கத்தில் கரியும் மரமும் துருவும் ஆக்சிஜனை உண்டுவிடும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். 16-க்கு வந்தால் யோசனை தடுமாறும். 10-க்கு வந்தால் மயக்கம். அதில் கொடுமை என்னவென்றால், தடுமாறுகிறவருக்குத் தான் தடுமாறுவதே தெரியாது.

நிலக்கரியில் மீத்தேனும் உண்டு. தண்ணீர் காற்றோட்டப் பாதையை அடைத்துவிட்டால் அது சேரத் தொடங்கும். 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால்தான் உள்ளே போகும் பம்ப்பும் விளக்கும் போனும் பொறி கிளம்பாத வகையாக இருக்க வேண்டும். ஊரில் யாரிடமோ இருக்கும் பம்ப்பைத் தூக்கி உள்ளே வைக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

தண்ணீர் மட்டம் மாறும்போதெல்லாம் காற்றும் மாறும். ஏறும் தண்ணீர் பழைய இடுக்குகளில் இருந்த வாயுவை ஆட்கள் இருக்கும் பக்கம் தள்ளும். இறைத்துக் குறைத்தாலோ, அங்கே கிடந்த கெட்ட காற்று வெளியே இழுபட்டு வரும். காலையில் சோதித்துச் சரி என்ற இடத்தை மத்தியானம் மறுபடி சோதிக்காமல் நம்பக் கூடாது.

பெரிய பம்ப் வைத்து இறைத்தால் முடிந்துவிடாதா?

ஒரு சின்னக் கணக்கு. 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 1 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு பாதை நிரம்பினால் 8,000 கன மீட்டர் தண்ணீர். நொடிக்கு 100 லிட்டர் இறைக்கும் நல்ல பம்ப் இருந்தால் 22 மணி நேரத்தில் காலியாகும். ஆனால் நொடிக்கு 60 லிட்டர் புதிதாக வந்துகொண்டிருந்தால், அதே வேலைக்கு 55 மணி நேரத்துக்கு மேல். வரத்து 100 லிட்டரைத் தொட்டால் எத்தனை நாள் ஓட்டினாலும் மட்டம் இறங்காது. சுரங்கத்தில் ஒரு பாதையா இருக்கிறது? 2018 டிசம்பரில் மேகாலயாவில் 15 தொழிலாளர்கள் சிக்கிய எலிவளைச் சுரங்கத்தில் (ஆள் ஊர்ந்து போகுமளவே குறுகலாக வெட்டியது) பம்ப் மேல் பம்ப் கொண்டுவந்தும் மட்டம் பிடிகொடுக்கவில்லை. சுற்றியிருந்த கைவிடப்பட்ட குழிகளெல்லாம் உள்ளுக்குள் தொடர்பு உள்ளவை.

வேகமாக இறைப்பதிலும் ஆபத்து உண்டு. ஊறிப்போன களிமண் பாறை இளகியிருக்கும். தண்ணீரே அதற்கு ஓரளவு முட்டுக்கொடுத்திருக்கும். சட்டென்று தண்ணீரை எடுத்துவிட்டால் பக்கமும் கூரையும் சரியலாம். மட்டம் இறங்கிவிட்டது என்று சந்தோஷமாகப் போகும் முதல் குழுவின் தலைக்கு மேல் இருப்பது அந்தக் கூரைதான்.

டைவர்களை அனுப்பலாமே?

ஒரு முறை அது அற்புதமாக நடந்திருக்கிறது. 1907 மார்ச்சில் மேற்கு ஆஸ்திரேலியாவின் போனி வேல் தங்கச் சுரங்கத்தில் பேய்மழைத் தண்ணீர் புகுந்தது. மொடெஸ்டோ வாரிஷெட்டி என்ற இத்தாலியத் தொழிலாளி ஒரு காற்றுப் பொந்தில் தனியாக மாட்டிக்கொண்டார். தனி ரயிலில் டைவர்களைக் கொண்டுவந்தார்கள். ஃப்ராங்க் ஹியூஸ் என்ற டைவர் நீரில் மூழ்கிய பாதை வழியே அவரைத் தேடிப் பிடித்து, உணவும் விளக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அப்போதுகூட அவரை உடனே வெளியே இழுத்துவரவில்லை. இறைத்து மட்டம் போதுமான அளவு இறங்கிய பிறகு, ஒன்பதாம் நாள்தான் கூட்டிவந்தார்.

கடலில் டைவருக்கு ஆபத்து வந்தால் மேலே வரலாம். சுரங்கத்தில் மேலே இருப்பது பாறை. கரித்தூள் கலந்த தண்ணீரில் விளக்கு அடித்தாலும் தன் கையே தெரியாது. மிதக்கும் மரம், கம்பி, வலை எதில் வேண்டுமானாலும் குழாய் மாட்டும். மெக்சிகோவின் சபினாஸில் 2022 ஆகஸ்ட் 3 அன்று பத்துப் பேர் சிக்கியபோது டைவர்கள் முயன்றார்கள்; உள்ளே அடைத்துக் கிடந்த பொருள்களால் போக முடியவில்லை. பிறகு பக்கத்துப் பழைய சுரங்கத்திலிருந்து தண்ணீர் மறுபடி பாய்ந்து மட்டம் ஏறிவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. 2018-இல் தாய்லாந்து குகையில் சிறுவர்களுக்காகக் காற்றுச் சிலிண்டர் வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குணன், கடற்படையில் பயிற்சி பெற்றவர், தன் காற்று தீர்ந்து இறந்தார்.

நம் பக்கம் இன்னொரு சிக்கலும் சேரும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், கடலோரத்து மூழ்கும் கணக்கை அப்படியே பயன்படுத்தினால் டைவரின் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டிவிடும்.

மேலிருந்து போர் போட்டுக் காற்றும் சாப்பாடும் அனுப்ப முடியாதா?

முடியும். ஆழம் குறைந்த நிலக்கரிச் சுரங்கத்தில் என்னைக் கேட்டால் முதல் நம்பிக்கையே அதுதான். ஆனால் துளை போடுவதே ஆளைக் கொன்றுவிடவும் கூடும்.

தண்ணீர் ஏறும்போது உயரமான மூலையில் காற்று அடைபட்டு, அமுங்கி, தண்ணீரை மேலே வரவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கும். வெளியே நீர்மட்டம் அந்த இடத்தைவிட 20 மீட்டர் உயரத்தில் இருந்தால், உள்ளே காற்றழுத்தம் சாதாரணத்தைப் போல மூன்று மடங்கு. அங்கே திறந்த துளை போட்டால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும், தண்ணீர் ஏறி அவர்களை மூழ்கடிக்கும். குவெக்ரீக்கில் சுமார் 73 மீட்டர் ஆழத்துக்கு முதலில் ஆறு அங்குலத் துளை போட்டு, அதன் வழியே அமுக்கிய காற்றைத் தொடர்ந்து உள்ளே செலுத்தினார்கள். கீழே இருந்தவர்கள் துளைக் கம்பியில் ஒன்பது முறை தட்டினார்கள். ஒன்பது பேரும் உயிரோடு இருப்பது மேலே தெரிந்தது. ஆள் ஏறுமளவு பெரிய துளையைப் போடும்போது வழியில் துரப்பண முனை உடைந்து பல மணி நேரம் வீணானது. சுமார் 77 மணி நேரத்துக்குப் பிறகு ஒன்பது பேரும் வந்தார்கள். அமுங்கிய காற்றில் இருந்தவர்களைச் சட்டென்று வெளியே எடுத்தால் டைவருக்கு வரும் அதே நோய் வரும் என்று அழுத்த அறைகளையும் வாசலில் தயாராக வைத்திருந்தார்கள்.

லெங்கெடேயில் ஒரு பழைய வெட்டுப் பகுதியில் யாராவது ஏறியிருக்கலாம் என்று கடைசியாக ஒரு துளை போட்டுப் பார்த்தார்கள். பதினோரு பேர் உயிரோடு இருந்தார்கள். பதினான்காம் நாள் மேலே வந்தார்கள். இந்தியாவில் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்தில் 1989 நவம்பரில் ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், அவசரமாகச் செய்த இரும்புக் கூண்டில் தானே இறங்கி, 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார்.

இங்கே ஆழமான தங்கச் சுரங்கங்களில் இந்த வழி கிடையாது. இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஆள் நுழையும் துளையைச் சில நாளில் போட முடியாது. ஷாஃப்ட் எனப்படும், ஆட்கள் ஏறி இறங்கும் செங்குத்துக் குழி வழியாகத்தான் போயாக வேண்டும்.

உள்ளே எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம்?

சாப்பாடு இல்லாமல் பல நாள் இருக்கலாம். காற்றுதான் கணக்கு. 100 கன மீட்டர் அடைபட்ட இடத்தில் பத்துப் பேர் அசையாமல் இருந்தால், ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேல் ஆனதுமே ஆக்சிஜன் 16 சதவீதத்தை நெருங்கும். அதற்கு முன்பே அவர்கள் விடும் கரியமில வாயு மூன்று சதவீதத்தைத் தாண்டித் தலைவலியும் மூச்சிரைப்பும் கொடுக்கும். இடம் பெரிதாக இருந்தால் நாள் கூடும். சீனாவின் வாங்ஜியாலிங்கில் 2010-இல் சிக்கிய 153 பேரில் 115 பேர் எட்டு நாள் கழித்து உயிரோடு வந்தார்கள்.

குவெக்ரீக்கில் குளிர் வாட்டியது. நம் ஆழமான தங்கச் சுரங்கங்களில் நேர் எதிர்: காற்றோட்டமும் குளிரூட்டலும் நின்றால் பாறையின் சூடு கொல்லும். நான்கு கிலோமீட்டர் அருகே போகும் ம்பொனெங்கில் பாறை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். இங்கே புரோட்டோ ஆட்களைச் சூடு தாங்குமா என்று சோதித்துத்தான் எடுக்கிறார்கள்.

ரெஃப்யூஜ் பே (ஆபத்தில் ஒதுங்கச் சுரங்கத்துக்குள்ளேயே இருக்கும் அறை) இருக்கிறதே, அங்கே ஒதுங்கினால் பாதுகாப்புதானே?

புகைக்கும் வாயுவுக்கும் ஆம். வெள்ளத்துக்கு, அது எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெர்கோவாவில் ஒரு மாதம் இறைத்து அந்த அறையை எட்டியபோது அது காலியாக இருந்தது. சிக்கிய எட்டுப் பேரும் அங்கே போய்ச் சேரவே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் பெரிய சுரங்க வெள்ளம் வந்திருக்கிறதா?

1968 அக்டோபர் 26 அன்று கார்ல்டன்வில் பக்கம் வெஸ்ட் டிரீஃபொன்டைன் தங்கச் சுரங்கத்தில் டோலமைட் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதன் பிறகு பொங்கும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே சுரங்கப் பாதைகளில் கான்கிரீட் அடைப்புகள் கட்டினார்கள். கட்டும்போது தண்ணீர் போக அவற்றுக்குள் குழாய்களை விட்டு, கான்கிரீட் இறுகிய பிறகு வால்வுகளை மூடினார்கள். 26 நாள் போராட்டம். முதலில் மனிதர்கள், அப்புறம்தான் சுரங்கம் என்ற அந்த வரிசையை நான் இளைஞர்களுக்கு எப்போதும் சொல்வேன்.

கைவிடப்பட்ட ஷாஃப்ட்டுகளில் இறங்கும் ஸாமா ஸாமாக்களுக்கு (அனுமதியில்லாமல் தங்கம் தேடுகிறவர்களுக்கு) என்ன ஆகிறது?

மீட்பவருக்கு மிகக் கடினமான இடம் அது. பம்ப் இல்லை, காற்றோட்டம் இல்லை, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் இல்லை, எத்தனை பேர் இறங்கினார்கள் என்ற பதிவும் இல்லை. 2025 ஜனவரியில் ஸ்டில்ஃபொன்டைனில் சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழ ஷாஃப்ட்டிலிருந்து 246 பேரை உயிரோடும் 78 பேரைப் பிணமாகவும் எடுத்தார்கள். அங்கே கூண்டில் இறங்கி ஆட்களை ஏற்றிவிட்டவர்கள் ஊர்க்காரர்கள் இருவர். உள்ளே சிக்கியவர்கள் சட்டவிரோதமாக இறங்கியவர்கள்தானே என்று நம்மவர் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. கூலி ஒப்பந்தத்தில் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பசிக்காகக் குழிக்குள் போனவனைக் காப்பாற்றலாமா என்று நாம் கேட்கக் கூடாது.

நான் சுரங்கத்தில் வேலை செய்கிறேன். தண்ணீர் உடைக்கப் போகிறது என்று எப்படித் தெரியும்? வேலையை விட்டு வெளியேறலாமா?

வறண்டிருந்த வெட்டு முகப்பு (நீங்கள் வெட்டிக்கொண்டிருக்கும் சுவர்) வியர்ப்பது, சொட்டு தாரையாவது, துருநிறத் தண்ணீர், அழுகிய நாற்றம், துளையிட்ட இடத்திலிருந்து அழுத்தத்தோடு பீய்ச்சுவது. ஒன்று தெரிந்தாலும் மேலான இடத்துக்கு நகர்ந்து, பிறகு சொல்லுங்கள். 1996-ஆம் ஆண்டின் சுரங்க உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கடும் ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் இடத்தை விட்டு வெளியேறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. அதற்காக உங்களைப் பழிவாங்கக் கூடாது என்று 83-ஆம் பிரிவு சொல்கிறது. சேஃப்டி ரெப் (தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி) யார் என்பதை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் நாங்கள் என்ன செய்யலாம்?

வாசலில் கூட்டமாக நிற்பதைவிட, வீட்டுக்கு ஒருவர் தகவல் மேசையில் நில்லுங்கள். அவர் எந்த ஷிஃப்ட், எந்தப் பகுதி, யாரோடு வேலை செய்பவர், கடைசியாக எப்போது பேசினார் என்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரும் சம்பளச் சீட்டிலுள்ள பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். லேம்ப் ரூம் (உள்ளே போகிறவர்கள் விளக்கு வாங்கும் அறை) கணக்கோடு ஒத்துப்பார்க்கும்போது இதில்தான் குழப்பம் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் மாத்திரையின் பெயரோடு சொல்லுங்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு அவர் உள்ளே போகாமல் இருந்திருந்தால், அதையும் உடனே சொல்லுங்கள். இல்லாத ஆளைத் தேடி ஒரு குழு தண்ணீருக்குள் போய்விடக் கூடாது. வெளியே வந்ததும் வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்க வேண்டாம். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு அது ஆபத்து. டாக்டர் சொல்லும்வரை, வெளிச்சம் தாக்காமல் இருக்கக் கண்ணில் கட்டிய துணியையும் அவிழ்க்க வேண்டாம்.